குவாதலூப்பில் ஒரு கொலம்போ

2007 ஏப்ரல் 10, செவ்வாய்

இன்று எங்கள் விடுமுறைக் கப்பல் கரீபியன் கடலில், பிரெஞ்சு பேசும் குவாதலூப் தீவில் நின்றது. சந்தையில் ஒரு பெண் பெரிய சட்டியில் கோழிக்கறி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பள்ளியில் பிரெஞ்சு படிக்கும் என் மகள் நிலா என்ன கறி என்று கேட்டாள். "கொலம்போ" என்றாள் அந்தப் பெண். அங்கே கறிக்கே எங்கள் கொழும்பின் பெயராம்.

"நாங்கள் யாழ்ப்பாணம் எண்டு சொல்லு பிள்ளை," என்று இவர், நிலாவின் அப்பா, விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்குப் பயம். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் வீட்டில் நான் கறி சமைத்தால், தன் குளிர் ஜாக்கெட்டில் கறி மணக்குது என்று தினமும் சண்டை பிடிக்கிறவள் நிலா. இங்கேயும் மூக்கைப் பொத்துவாள் என்று நினைத்தேன். அவளோ ஒரு தட்டு வாங்கி வழித்துச் சாப்பிட்டாள். பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள்.

"என்னடி சொன்னனீ?"

"ஒண்டுமில்லை அம்மா."

வழியெல்லாம் விடாமல் கேட்டேன். கப்பலில் ஏறும்போதுதான் வாய் திறந்தாள்.

"நல்லா இருக்கு, ஆனா என்ர அம்மா இதைவிட நல்லாச் சமைப்பா எண்டு சொன்னனான். காணுமே?"

காணும், இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும். இவர் விளக்கை அணைக்கச் சொல்கிறார். எனக்கோ நித்திரை வருவதாக இல்லை, சிரிப்புத்தான் வருகிறது.