அம்மா தெரிந்தெடுத்த பிரெஞ்சுப் படம்

அன்புள்ள அப்பாவுக்கு,

படம் தொடங்கியதும் அம்மா சப்பாத்தைக் கழற்றி இருக்கையின் கீழே வைத்தார். அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். கோயிலுக்குள் போகிறவர் மாதிரி.

உங்கள் ஆண்டுத்திவசம் முடிந்து கொஞ்ச நாள்தான். அதுவரை அம்மா ஒரு கொண்டாட்டத்துக்கும் போகவில்லை. போன ஞாயிறு தானாகவே, ஒரு படம் பார்ப்போமா என்று கேட்டார். ஆனால் தமிழ்ப் படம் வேண்டாமாம்.

"அங்கை எங்கட சனம் நிக்கும். புருசன் செத்து ஒரு வருசத்தில படம் பாக்க வந்திட்டா எண்டு கதைப்பினம். வெள்ளைக்காரரின்ர படத்துக்குப் போவம்."

பாரிஸ் என்றுதான் பெயர், லா சப்பலில் தமிழ்க் கடைகளுக்கு நடுவே தெரிந்தவர் கண்ணில் படாமல் தெருவைக் கடக்க முடியாது, உங்களுக்குத் தெரியும். மெத்ரோ ரயில் ஏறிக் கொஞ்சம் தள்ளிப் போனோம்.

பழைய காலத்துக் கதை. குதிரை வண்டி, பெரிய வீடு, அதில் தனியே ஒரு வயதான அம்மா. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டை விற்பது பற்றியும், அவரை யார் வைத்துக்கொள்வது என்பது பற்றியும் சாப்பிட்டபடியே பேசுகிறார்கள். சத்தம் இல்லை, சண்டை இல்லை. அவர் எதிரிலேயே இருக்கிறார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரெஞ்சில் பேசியதை உங்களுக்குச் சொன்னதுபோல அம்மாவின் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது அப்பா. லா சப்பல் வீட்டை விட்டுவிட்டு அம்மாவையும் என்னையும் பாரிசுக்கு வெளியே ஓல்னேயில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக சுதன் அண்ணை ஏற்பாடு செய்கிறார். அவருடைய பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். அம்மா எல்லாவற்றுக்கும் ஓம் என்பார். நான் அதுவும் சொல்வதில்லை. உங்களுக்கு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டேன். அங்கே போனால் மரக்கறிக் கடை வேலையும் போய்விடும்.

"சொல்லாட்டிலும் விளங்குது பிள்ளை," என்றார் அம்மா. "எங்கட சுதன் கதைக்கிற மாதிரித்தான் கதைக்கினம்."

கடைசியில் அந்த வயதான அம்மா குதிரை வண்டியில் ஏறிப் போகிறார். அவ்வளவுதான் படம். மெத்ரோப் படியில் இறங்கும்போது அம்மா கேட்டார்: "அவ ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

உங்களுக்குத் தெரியுமா அப்பா?

வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது அண்ணை போன் எடுத்தார். எங்களுக்கான அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்.

"நான் வரேல்லை தம்பி. இஞ்சைதான் இருக்கப்போறன்," என்றார் அம்மா.

தாயைத் தனியே விட்டுவிட்டான் என்று சனம் தன்னைத்தான் குறை சொல்லும் என்றார் அண்ணை. அம்மா போனை என்னிடம் நீட்டினார்.

அண்ணை என்னோடு எப்போதும் பிரெஞ்சில்தான் பேசுவார், நானும் அப்படித்தான். அம்மாவுக்கு நீதான் விளங்கப்படுத்த வேண்டும் என்று பிரெஞ்சில் சொன்னார். அம்மா பக்கத்தில் நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் விளங்கட்டும் என்று நான் தமிழில் சொன்னேன்.

"நானும் வரேல்லை அண்ணை."

வீட்டு வாடகை ஒப்பந்தம் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை எனக்குக் கடையில் வேலை இல்லை. நானே வீட்டுக்காரரின் அலுவலகத்துக்குப் போய், அம்மாவின் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்பேன். குரல் நடுங்கும். நடுங்கினாலும் கேட்பேன் அப்பா.

உங்கள் கடைசி மகள்,
தர்சி