கனடாப் பூவுக்கு வார்க்கும் தண்ணீர்

என் சண்டைக்கார அக்காவுக்கு,

உன் கனடாப் பூக்கள் சாகத் தொடங்கிவிட்டன. இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வது? ஊரில் ஒருவருக்கும் அந்தப் பூவின் பெயரே வாயில் நுழையாது. எக்கினேசியா என்று நீ எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தும், அத்தான் கடைசிவரை "உம்மடை கனடாப் பூ" என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தார்.

உன் சிநேகிதி கனடாவிலிருந்து கொண்டுவந்த விதை, குளிர் கண்டால்தான் முளைக்குமென்று ஈர மணலில் போட்டு பிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்தாயே. அதற்கு அத்தான் உன்னைச் செய்த பகிடி கொஞ்சமா? பிறகு ஊதா இதழ்கள் கீழே சாய, நடுவில் செம்பழுப்புக் கூம்பு முள்ளு முள்ளாக நிமிர்ந்து நின்றபோது உரும்பிராய் ஊரே உன் முற்றத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போனது. மண் காய்ந்து வெளுத்த பிறகுதான் நீ அதற்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் விடுவாய். "எடியே, உதுக்குத் தண்ணி கனக்க விட்டால் அடி அழுகிப் போகும்" என்று என் கையைத் தட்டிவிடுவாய்.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சொந்தபந்தமெல்லாம் போன பிறகுதான் அது தொடங்கியது. விடியப்புறத்தில் கிணற்றுக் கப்பி கத்தும். நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தக் கிணற்றுக்கு மோட்டார் பூட்டிய பிறகு கப்பியை யார் தொட்டது? எழுந்து வந்து பார்த்தால் முற்றத்தில் ஆளிருக்காது. உன் பூப்பாத்தி மட்டும் ஈரமாக இருக்கும்.

நீதான் என்று நினைத்தேன், அக்கா. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் நீயென்றால் இவ்வளவு தண்ணீர் ஊற்றியிருக்கமாட்டாய் என்பது உறைத்ததும், நீ வரவில்லையே என்று அழுதேன்.

போகப்போக இலைகள் கறுத்தன. ஒரு செடியைத் தொட்டேன், தண்டு வேரை விட்டுக் கையோடு வந்துவிட்டது. அப்போதுதான் பாத்தியைக் கவனித்தேன். வெங்காயத்துக்குக் கட்டுவதுபோல அச்சொட்டாகச் சுற்றிவர வரம்பு கட்டியிருந்தது. அத்தானின் வேலை! வாழ்நாள் முழுக்க வெங்காயம் செய்த மனிதர், எதைக் கண்டாலும் வரம்பு கட்டித் தண்ணீரைத் தேக்கிவிடுவார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. விடியட்டும், நல்ல பேச்சுக் கொடுக்கிறேன் என்று இருந்தேன்.

மறுநாள் கப்பி கத்தியதும் ஓடிப்போய் வேலியில் இருந்த பொட்டு ஓட்டைக்குள்ளால் பார்த்தேன். அத்தான் பாத்தியருகே குந்தியிருந்து வாளியைச் சரித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாரும், வடிவாய்க் குடியும்" என்றார். "இஞ்சை ஆரும் மறிக்கமாட்டினம்."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் இருந்தவர் அவர்தானே. சிறுநீரகம் பழுதான உனக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டுமென்று டொக்டர் சொல்லியிருந்தார். "ஒரு மிடறு தாங்கோவன்" என்று நீ கெஞ்சினாய். "வேண்டாமப்பா, தண்ணி கூடாது" என்று போத்தலைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவிட்டு, பஞ்சை நனைத்து உன் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று பின்னேரம் நீ போய்விட்டாய். டொக்டர் சொன்னதும் சரி, அவர் செய்ததும் சரி. சரியென்று சொன்னால் ஆறுகிற மனமா அது?

தண்ணி கூடாது என்று இப்போது நான் அவருக்கு எப்படிச் சொல்வேன்? சொல்லாவிட்டால் உன் பூ மிஞ்சாது. சொன்னால் அத்தான் மிஞ்சமாட்டார். உனக்கு எது வேண்டும், அக்கா? நீ இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்து ஏசியிருப்பாய்.

வேர் அழுகாமல் கிடந்த சில செடிகளைக் கிண்டி எடுத்தேன். வரம்பை உடைத்தேன். பருமணலும் சல்லிக்கல்லும் செம்மண்ணோடு கலந்து, முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி உச்சியில் நட்டேன். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உதென்ன பிள்ளை, சவக்காலையிலை புதைச்ச மேடு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பெண்கள் சுடலைக்குப் போவதில்லையே, உன்னை எரித்த இடத்தைக்கூட நான் பார்த்ததில்லை. கையில் மண்ணோடு கனநேரம் அதற்கு முன்னால் இருந்தேன்.

அத்தான் வாளியோடு வந்தார். ஊற்றினார். தண்ணீர் நாலு பக்கமும் வழிந்து ஓடியது.

"தண்ணி நிக்குதில்லையே, பிள்ளை."

"ஓம் அத்தான். நீங்கள் ஊத்துங்கோ."

இன்னொரு வாளி அள்ளி வந்து ஊற்றினார். பிறகு தலை நிமிராமலே, "போதுமோ?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, உன்னைக் கேட்டாரா? நான் கரைந்த மண்ணை மேட்டோடு சேர்த்து அணைத்தேன். அவர் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பவும் கிணற்றடிக்குப் போனார்.

அன்றிலிருந்து தினமும் அதைக் கேட்கிறார். ஒரு செடியில் புதுத் தளிர் தெரிகிறது, மற்றவை பிழைக்குமோ தெரியாது. மேடு கரைந்தால் திரும்பக் கட்டுவேன், அக்கா. செடி செத்தால் திரும்ப விதைப்பேன். ஆனால் நீயே வந்து அவருக்குச் சொல்லும்வரை, போதும் என்று நான் சொல்லமாட்டேன்.

உன் கூடப்பிறந்த
தங்கச்சி