பெருவாயனும் நான் வெட்டிய வரியும்

என் தங்கச்சி வதனிக்கு, உன் வகுப்புப் பலகையின் சோக்கட்டித் தூள் கையிலிருந்து இன்னும் போகாத அண்ணன் எழுதுகிறேன்.

நீ எங்களை விட்டுப் போய் நான்கு மாதமாகிறது. நாவற்குடா வீட்டு முன்னறையில் பெரியவர்களுக்கு நீ நடத்திய சனிக்கிழமை ஆங்கில வகுப்பை நான்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். முந்தாநாள் அதை மூடிவிடும் எண்ணத்தோடுதான் போனேன்.

பாடம், உருவகம். ‘அவன் ஒரு சிங்கம்’ என்பதை ஆங்கிலத்தில் பலகையில் எழுதினேன். ‘போல’ என்று சொல்லாமல் ஒன்றை இன்னொன்றாகவே சொல்வது என்று விளக்கினேன். பழுகாமத்து நாகம்மா பேனையை மூடினார். சாதாரணதரப் பரீட்சையில் ஆங்கிலத்தில் இரண்டு முறை தவறியவர். இம்முறையும் தவறினால் அவருடைய ஆசுபத்திரி வேலை நிரந்தரமாகாது.

“மனிசன எப்படி சேர் சிங்கமெண்டுற? பொய்தானே? பேப்பர்காரர் நீங்களே இப்படிச் சொன்னா?”

சோக்கட்டியைக் கீழே வைத்தேன். முப்பது வருடம் பத்திரிகைச் செய்தியில் இப்படிப்பட்ட வரிகளை வெட்டியவன் நான்.

காத்தான்குடித் தையற்காரி பரீதா சிரித்தார். “ஏன் கா, உங்கட களத்தில நெல்லுச் சூடு மிதிக்கக்குள்ள, நெல்லள்ளுற கடகத்துக்கு என்ன பேர்? எங்கட வாப்பா நெல்லு வாங்க வந்து, கடகமெண்டு சொல்லிப்போட்டு ஏச்சு வாங்கினவர்!”

“பெருவாயன்,” என்றார் நாகம்மா. “உள்ள பேரச் சொன்னா பூதம் கேட்டு நெல்ல அள்ளிப் போயிருமாம். பெரிய வாயிரிக்கி, அதால பெருவாயன்.” சட்டென்று நிமிர்ந்தார். “அப்ப அதுவும் இதுதானா, சேர்?”

“ஓம்” என்றேன். யோசித்துப் பார், வதனி. பூதத்துக்கு அஞ்சி, அறுவடை தோறும் பொருட்களை வேறொன்றாக்கிப் பேசிவந்தவர்கள். அவர்களுக்கா நான் உருவகம் சொல்லிக்கொடுக்கப் போனேன்?

நாகம்மா ஆங்கிலத்தில் எழுதினார்: ‘எங்கள் கூடை ஒரு பெரிய வாய். எங்கள் ஆறு மாதத்தை அது விழுங்கும்.’ இரண்டாவது வசனத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வவுணதீவு வெள்ளத்தைப் பற்றி எங்கள் பத்திரிகைக்கு நீ எழுதியது நினைவிருக்கிறதா? ‘வெள்ளம் கதவைத் தட்டாத விருந்தாளி. இருந்ததையெல்லாம் தின்றுவிட்டுப் பாயில் சேற்றை விட்டுப் போனது.’ அதை வெட்டிவிட்டுத் தண்ணீர் எத்தனை அடி என்று போட்டேன். “அடி சரி, அண்ணா. வெள்ளம் எங்க?” என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? ஏதாவது சொன்னேனா?

வகுப்பை மூடவில்லை. நாகம்மா சோதனை எழுதிய பிறகும் மூடமாட்டேன். வரும் சனிக்கிழமை உன் வெள்ளத்தைப் பலகையில் எழுதுவேன், ஒரு சொல்லும் குறையாமல்.

அடியை மட்டும் அளந்த
உன் அண்ணன்