ஐந்து பேருக்கு ஐந்து கவர்

எல்ம் க்ராசிங், அயோவா
மார்ச் 14

அன்பு மகள் பிரென்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், உன் அப்பாவின் இடது முழங்கால் மட்டும் நலமில்லை, அதை வீட்டில் மூன்றாவது ஆள் மாதிரி அவர் விசாரித்துக்கொண்டே இருப்பதால் அதன் சேதியையும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அலாஸ்காக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே பனி உருகி வாசலெல்லாம் சேறு, நாய் உள்ளே வந்தாலும் கத்துகிறேன், அப்பா உள்ளே வந்தாலும் அதே கத்தல்தான். போனில் சொல்லியிருப்பேன், நீதான் ஆஸ்பத்திரியில் வேலை கிடக்கிறது என்று பாதியில் வைத்துவிடுவாயே, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசாகப் படி.

என் உளவியல் வகுப்புக்கு ஒரு கண்டம் வந்தது. இருபத்திரண்டு வருஷம் இந்தப் பள்ளியில் மஃபின் சுடவும் பட்டன் தைக்கவும் சொல்லிக் கொடுத்தவள் நான், ஓட்டப் பந்தயக் கோச் வேறு ஊருக்குப் போனதும் அவர் எடுத்துக்கொண்டிருந்த உளவியலைப் பிரின்ஸிபால் என் தலையில் கட்டினாரே, உனக்குத் தெரியும். அப்போது எனக்கு உளவியலில் தெரிந்ததெல்லாம் உன் அப்பா எப்போது பொய் சொல்கிறார் என்பது ஒன்றுதான். ஒஹையோவில் பெவர்லி என்று ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், நாடு முழுக்க உளவியல் டீச்சர்கள் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுக்கொள்ளும் மின்னஞ்சல் குழுவில் கிடைத்தார், முகம் தெரியாத எனக்கு ஒரு பெட்டி நிறையப் பாடக் குறிப்பு அனுப்பினார், எல்லாவற்றிலும் காபிக் கறை. கூடவே ஒரு பிளாஸ்டிக் மூளை, அதில் சிறுமூளை மட்டும் காணோம், பேரன் விழுங்கியிருக்க மாட்டான் என்று நம்புவதாக எழுதியிருந்தார். அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டுதான் மூன்று வருஷம் ஓட்டினேன். மஃபின் வகுப்பில் மணி அடித்தால் பிள்ளைகள் பறந்துவிடும், இங்கே மணி அடித்த பிறகும் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்கள். ஐம்பத்தாறு வயசில் எனக்கு இப்படி ஒன்று கிடைத்தது, அதை விட மனசில்லை, அவ்வளவுதான்.

இதைத்தான் பள்ளி நிர்வாகக் குழு அடுத்த வருஷத்திலிருந்து எடுத்துவிடுவோம் என்றது. எல்லாம் தலைவர் வெண்டல் ஸ்ட்ராவுட்டின் வேலை, பன்றிப் பண்ணைக்காரர், அவர் மகள் டெலேனி என் வகுப்பில் படிக்கிறாள். பிப்ரவரிக் கூட்டத்தில் ஊர் முன்னால் எழுந்து, "பன்னிங்க மேல இருக்கிற கோவத்த நான் உருளைக்கெழங்கு மேல காட்டுறேனாம், சாப்பாட்டு மேசையில ஒக்காந்து எம் பொண்ணு எனக்கு வைத்தியம் பாக்குறா, இதுக்கா நாம வரி கட்டுறோம்" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சொன்னது சரிதான், ஆனால் அதைச் சொல்கிற நேரமா அது. மார்ச் கூட்டத்தில் வாக்கெடுப்பு என்று முடிவாயிற்று, எனக்கு மூன்று நிமிஷம் பேச அனுமதி.

மூன்று நிமிஷத்தில் என்ன பேசுவது? பெட்டியைக் குடைந்ததில் ஒரு பாடம் அகப்பட்டது. பிள்ளைகளிடம் நாலு வரி எழுதி வாங்க வேண்டியது, உன் கையெழுத்தை வைத்து உன் குணத்தைச் சொல்கிறேன் என்று ஆளுக்கொரு கவர் கொடுக்க வேண்டியது, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொல்ல வேண்டியது, அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிப் படிக்கச் சொன்னால் எல்லாக் கவரிலும் அதே வரிகள்தான். முதலில் உன் அப்பாவிடம் செய்து பார்த்தேன். படித்துவிட்டு, "முப்பத்திரண்டு வருஷம் கழிச்சாவது என்னைப் புரிஞ்சுக்கிட்டியே லோரெட்டா" என்று கண் கலங்கினார். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முழங்காலோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தார். பெவர்லியும், பிள்ளைங்ககிட்ட தாராளமா செய், ஓட்டுப் போடுறவங்ககிட்ட மட்டும் செஞ்சிடாதே என்று எழுதினார். நான் யார் பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

குழுவில் ஐந்து பேர், ஐந்து பேரிடமும் முன்கூட்டியே நாலு வரி எழுதி வாங்கிவிட்டேன். தன்னைப் பற்றி யாராவது சொல்கிறார்கள் என்றால் வேண்டாம் என்கிற மனுஷர் உண்டா, வெண்டல்கூடச் சேற்றைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளி நூலகத்தில் கூட்டம், பின்னால் நாற்பது பெற்றோர், ஆளுக்கொரு கவராகக் கொடுத்தேன். உள்ளே இருந்தது இதுதான். "வெளியே உறுதியாகத் தெரிந்தாலும், எடுத்த முடிவு சரிதானா என்று தனியாக இருக்கும்போது உங்களுக்குச் சந்தேகம் வரும். பாராட்டினால் நம்ப மாட்டீர்கள், குறை சொன்னால் உடனே நம்பிவிடுவீர்கள். உங்களுக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரியும் என்று ஊர் நினைப்பது உங்களுக்குப் பயமாக இருக்கிறது." நாலு பேர் ஐந்துக்கு ஐந்து போட்டார்கள், ஜாய்ஸ் மட்டும் நாலு. மருந்துக்கடை ஜாய்ஸ்தான், பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவள், என் ஓட்டு என்று நான் எண்ணி வைத்திருந்தவள்.

மாற்றிப் படியுங்கள் என்றேன். பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பியது. ஜாய்ஸ் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. இனி எவனாவது உங்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்று வந்து நின்றால் நம் பிள்ளைகள் இதை யோசிப்பார்கள், இதற்காகத்தான் இந்த வகுப்பு என்று தயார் செய்த வசனத்தைச் சொல்லி முடித்தேன். வெண்டல் மட்டும் கவரை மாற்றவில்லை, சட்டைப் பையில் மடித்து வைத்துவிட்டார். "எல்லாருக்கும் இதேதானா எழுதியிருக்கு" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஜாய்ஸுக்குமா?" ஜாய்ஸ் தலையை மட்டும் ஆட்டினாள். "பின்னாடி இருக்கிறவங்களுக்குக் குடுத்தா அவங்களும் அஞ்சு போடுவாங்களா?" பெரும்பாலும் போடுவார்கள் என்றேன். மேசையையே பார்த்துக்கொண்டு, "அப்பா செத்து பண்ணைய நான் எடுத்ததுலேருந்து எனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். சிரிப்பு நின்றுபோயிற்று. இந்தப் பேப்பர் வெறும் ஏமாற்று என்று நிரூபிக்கப் போனவள் நான், இப்படி ஒருவர் சொல்வார் என்று பெவர்லியின் குறிப்பில் இல்லை.

வாக்கெடுப்பில் என் ஜாய்ஸ் எனக்கு எதிராகக் கை தூக்கினாள், இன்னும் பேசவில்லை, ஞாயிற்றுக்கிழமை பழம் வைத்த கோலாச்சி பன் சுட்டுக்கொண்டு போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்க வேண்டும், என் மேல்தான் தப்பு. இரண்டுக்கு இரண்டு என்று நின்றது, கடைசிக் கை வெண்டலுடையது. வகுப்பு இருக்கிறது பிரென்னா. அடுத்த வருஷத்துக்கு இதுவரை பத்தொன்பது பிள்ளைகள் பேர் கொடுத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாக ஏன் எழுதினேன் என்றால், போன மாதம் நீ போனில் ஒன்று சொன்னாய். வார்டில் எல்லா நர்ஸுக்கும் வேலை தெரிகிறது, நான் மட்டும் தெரிந்த மாதிரி நடிக்கிறேன், என்றைக்கு மாட்டிக்கொள்வேனோ என்று ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் காரிலேயே பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்கிறேன் என்றாய். நான் அசடு மாதிரி நன்றாகச் சாப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டேன், அன்றிலிருந்து மனசு கேட்கவில்லை. நீ மட்டும் இல்லை கண்ணு. அந்தக் கார் நிறுத்துமிடத்தில் மற்ற கார்களுக்குள்ளும் ஒரு தரம் பார்.

ஆண்டவர் உன்னை வழுக்காமல் நடத்தட்டும், உன் கைக்கு நிதானம் கொடுக்கட்டும். பார்சலில் வரும் கம்பளிக் காலுறை அப்பா தேர்ந்தெடுத்தது, நிறத்தைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லாதே. பல் டாக்டரிடம் போனாயா என்று இரண்டு தடவை கேட்டாயிற்று, பதிலைக் காணோம்.

என்றும் உன்
அம்மா லோரெட்டா