பந்தல் பாக்கி

கீழ்பென்னாத்தூர்,
வைகாசிப் பௌர்ணமிக்கு மறுநாள்

அன்புள்ள தம்பி தருமனுக்கு,

பந்தல் கடை ஜோதியம்மாள் எழுதுவது. பெங்களூரில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இது பாக்கி கேட்கும் கடிதம்தான். அதற்காகப் பாதியில் மடித்து வைத்துவிடாதே.

உன் மகள் ஆர்த்தி கல்யாணத்துக்குப் போட்ட பந்தல், நாற்காலி, பாத்திர வாடகையில் பதினெட்டாயிரம் நிற்கிறது. மழையில் உன் மல்லாட்டைக் கொல்லையில் கடலையெல்லாம் அழுகியதை ஊரே பார்த்தது. ஆனால் என் மருமகள் கீதாஞ்சலி, பாக்கிக்காரர்களுக்கெல்லாம் மாதம் பிறந்தால் தானாகவே மெசேஜ் போகும்படி போனில் ஏதோ செய்து வைத்திருக்கிறாள். அந்தப் போனுக்கு மழை தெரியுமா, மல்லாட்டை தெரியுமா? நீ என் நம்பரையே பிளாக் செய்துவிட்டாய். அதனால்தான் கடிதம்.

நேற்று கிரிவலத்தில் உன் மனைவி பொன்னியைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் முன்னால் போகட்டும் என்று ரமணாசிரமம் பக்கம் ஒதுங்கி நின்றுவிட்டாள். எனக்கு அழுகையே வந்தது. திரும்பிப் போய் அவள் கையைப் பிடித்தேன். கிரிவலத்தில் எதிர்ப்பக்கம் நடந்ததை அண்ணாமலையார் மன்னிப்பார்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். ஆனி முதல் வெள்ளிக்கிழமை வேங்கிக்காலில், மாப்பிள்ளை வீட்டில், ஆர்த்திக்கு வளைகாப்பாமே! "அப்பா வந்து கூப்பிட்டாத்தான் பொறந்த வீட்டுக்கு வருவேன், இல்லாட்டி இங்கியே இருந்துக்கறேன்"னு அடம் பிடிக்கிறாளாம். "அவருக்கு ஊர்ல தலைகாட்டவே கூச்சமா இருக்குதாம்க்கா" என்றாள் பொன்னி. பதினெட்டாயிரத்துக்காக ஒரு பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வராமல் இருப்பதா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன் மேல்தான்.

பாக்கியைத் தள்ளுபடி செய்யவில்லை. செய்தால் நீ ஆயுசுக்கும் என் கடைப் பக்கம் வரமாட்டாய். உன்னை எனக்குத் தெரியாதா? மாதம் ஐந்நூறோ ஆயிரமோ, முடிந்ததை அனுப்பு. உனக்கு இனி மெசேஜ் போகக் கூடாது என்று கீதாஞ்சலியிடம் சொல்லிவிட்டேன். "அவருக்கு மட்டும் என்ன சலுகை அத்தை?"னு கேட்டாள். முறைத்தேன், போய்விட்டாள்.

வளைகாப்புக்கும் நம் பந்தல்தான். சம்பந்தி வீட்டில் பேசிவிட்டேன். வாடகையை உன் பேரில் எழுதியிருக்கிறேன். பெண்ணைப் பெற்றவன் வராவிட்டால் பில்லை யாரிடம் கொடுப்பேன்?

வா தம்பி. வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. பேரனோ பேத்தியோ, நல்லபடியாகப் பிறந்து உன் மடியில் வளரட்டும்.

முன்வரிசையில் உனக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருப்பேன். அதற்கு மட்டும் வாடகை கிடையாது.

இப்படிக்கு,
உன் அக்கா
ஜோதியம்மாள்