விமலாவின் கூடை

அக். 15, புதன்

காலையிலிருந்து மழை. கோலா கெத்தில் டவுன் முழுக்க ஈரச் சாக்கு வாடை. கடையில் ஈ ஓட்டினேன். ரேடியோவில் வர்த்தகச் செய்தி: தீபாவளி நேரம், மக்கள் செலவு கூடியிருக்கிறதாம், கன்சியூமர் தாராளமாக வாங்குகிறாராம். என் கடைப் பக்கம் அவர் இன்னும் வரவில்லை.

பொழுது போகாமல் போனில் ‘கன்சியூம்’ தேடினேன். லத்தீன் வேர். மிச்சமில்லாமல் எடுத்துக்கொள்வது, தின்று தீர்ப்பது, அழிப்பது. முன்பு காசநோய்க்கும் அந்தப் பெயர்தானாம், ஆளையே தின்றுவிடுவதால். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

வாங்க வேண்டியது: கற்பூரம், வாழையிலை, ஊதுவத்தி.

அக். 17, வெள்ளி

கூட்டம். எல்லாம் தீபாவளிக்கு முந்தின நாள் செத்தவர்களுக்கு வைக்கும் படையல் சாமான். பதினெட்டு வருஷமாக இந்தக் கல்லாவில். கூடையைப் பார்த்தாலே எந்த வீட்டில் செத்தவருக்கு என்று சொல்லிவிடுவேன். ஸ்டவுட் பீரும் கருவாடும் என்றால் லாரிக்கார ராமையா. சாக்லெட்டும் ஆரஞ்சுத் தண்ணியும் என்றால் செல்வியின் மகன், ஆறு வயது. அந்தக் கூடையைத் தலை நிமிராமல் கட்டிக் கொடுப்பேன்.

கூடிய செலவில் இந்தச் செத்தவர்கள் பங்கு எவ்வளவு என்று ரேடியோவில் சொல்வதில்லை.

அக். 18, சனி

வெயில். கால் வலி. மத்தியானம் விமலா வந்தாள், தம்பி சேகரின் மனைவி. அவன் நாட்டு எல்லை தாண்டிக் கம்ப்யூட்டர் வேலை என்று போனவன். போன் அடங்கி எட்டு மாதம். போலீஸில் சொல்லியும் பதில் இல்லை.

கூடையில் சாடின் மீன் டின், கடலை மிட்டாய், கிராம்பு சிகரெட். அத்தனையும் சேகருக்குப் பிடித்தவை.

“யாருக்கும்மா இதெல்லாம்?”

“மூணு நாளா கனவுல வராரு அண்ணி. பேசமாட்றாரு. காலித் தட்டத் தூக்கிக் காட்றாரு.”

“உயிரோட இருக்கிறவனுக்கு யாராச்சும் படைப்பாங்களா? ஆகாது லா.”

“உயிரோட இருக்காருன்னு நீங்க சொல்லுங்க. எல்லாத்தையும் வச்சிட்டுப் போயிடுறேன்.”

நானே பையில் போட்டுக் கொடுத்தேன். பாவி.

அக். 19, ஞாயிறு

மத்தியானமே கடையைச் சாத்தினேன்.

மூன்று மணிக்கு விமலா வீடு. இலை போட்டாள். சோறு, சாடின் சம்பல், மிட்டாய். சிகரெட்டைப் பற்றவைத்து ஓரத்தில் வைத்தாள். சேகர் படத்துக்கு மாலை போட மட்டும் மனசு வரவில்லை. பிறகு வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தோம், செத்தவர் வந்து நிம்மதியாகச் சாப்பிட. நான், விமலா, பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா.

உள்ளே ஏதோ உருண்டது. பூனை என்றார் அஞ்சலை அக்கா. அந்த வீட்டில் பூனை கிடையாது.

அப்போதுதான் சந்து முனையில் ஒரு ஆள். கையில் பை இல்லை. எலும்பும் தோலும், தொளதொளச் சட்டை. நிதானமாக நடந்து வந்து வாசலில் நின்றான். சேகர்.

சாத்திய கதவைப் பார்த்தான். ஊதுவத்தி வாசம் அவனுக்கும் வந்திருக்கும்.

“யாருக்குப் படையல், அக்கா?”

விமலா கதவோடு ஒட்டிக்கொண்டாள். அஞ்சலை அக்கா முருகா முருகா என்றார்.

கூடப் பிறந்தவள் நான். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். குனிந்து, அவன் கால் தரையில் பாவுகிறதா என்று பார்த்தேன். நான் பார்ப்பதை அவனும் பார்த்துவிட்டான்.