மூச்சு கேட்கும் பெட்டி

மச்சான்,

சூடான ரேடியோ வால்வின் மேல் தூசி கருகும் வாசனை உனக்கு மறந்திருக்காது. இன்று காலை என் வீட்டுக் கூடத்தில் அந்த வாசனை வந்தது. இத்தனை வருஷமாய்ப் பாடிய நம் பெரிய ஆம்ப்ளிபயர் போன மாதம் புகை விட்டு ஓய்ந்துவிட்டது. புதியது வாங்கலாம் என்று மகள் ஈப்போவிலிருந்து இரண்டு வால்வு ஆம்ப்ளிபயர்களைக் கேட்டுப் பார்க்க எடுத்து வந்திருக்கிறாள். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. இரண்டையும் மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் பார்த்ததும் பிரிஞ்சாங் டவுனில் இருந்த பாயின் ரேடியோ கடை கண் முன்னால் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் முதல் வேலையாய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஒயரை முகர்ந்து பார்த்திருப்பாய்.

அப்போது மலாயாவில் அவசரகாலம், காட்டில் கம்யூனிஸ்டுகள். எஸ்டேட்டைச் சுற்றி முள்கம்பி. ஆறு மணிக்கெல்லாம் கேட்டைச் சாத்திவிடுவார்கள். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுதும் சின்னக் கிராணி நான். தேயிலை ஆலையில் மெஷினும் கரெண்டும் உன் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாது என்பதால் கரெண்டும் ஆடாது. அன்று மத்தியானம் உன் வீட்டில் இசைத்தட்டு. நீயே கோத்த ஆம்ப்ளிபயர் ஒன்று இருந்தது. பாதி நேரம் பாடும், மீதி நேரம் இருமும். அதை நீ விட்டுக்கொடுத்து ஒரு நாளும் பேசியதில்லை.

அந்த வருஷம்தான் தாப்பாவுக்கு இறங்கும் மலைப்பாதையில் முன்னால் போன லோரி கண்ணிவெடியில் சிக்கியது. பின்னால் வந்த லோரியில் நான் இருந்தேன். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் வலது காது செத்துவிட்டது. இடது காதில் கம்பளியைப் போர்த்தியது போலத்தான் எல்லாம் கேட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை, பெண்டாட்டியிடம்கூட. பதில் கேட்காத கிராணியை துரை ஒரு நாள் வைத்திருக்க மாட்டார். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பெரட்டில் 'இல்லை' என்று விழுந்த ஆளைக் காட்டுக்குப் போய்விட்டானா என்று போலீஸ் தேடிய காலம் அது. என் காது செய்யும் தப்புக்கு எவனோ ஒருவன் உதை வாங்குவான் என்று தினமும் நடுங்கிக்கொண்டே பேர் கூப்பிட்டேன்.

நீ அப்போது வேறு கனவில் இருந்தாய். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை பாய் கடையில் இரண்டு ஆம்ப்ளிபயர்களை விட்டுப் போயிருந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து உனக்குச் சோறு இறங்கவில்லை.

"சின்னது ஒத்தை வால்வுதான் மச்சான். ஆனா பாடுறவ மூச்சு எடுக்கறது கேக்குதுலா! பாட்டு எந்தப் பெட்டியிலயும் கேக்கும். மூச்சு கேக்கணும்."

நான் தலையை ஆட்டினேன். எனக்குப் பாட்டே கேட்கவில்லை, இதில் மூச்சுக்கு எங்கே போவது?

அப்புறம்தான் நீ அந்தக் கூத்தை அடித்தாய். மலைப்பனியில் ஸ்பீக்கர் காகிதம் நமுத்துவிட்டது. உலகத்து ஈரம் எல்லாவற்றுக்கும் ஆலையிலேயே மருந்து இருக்கிறது என்று நினைக்கிறவன் ஆயிற்றே நீ! கொழுந்து வாட்டும் மாடியில் சூடான காற்றுக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தாய். "கொழுந்தோட கொழுந்தா காயட்டும்" என்றாய். காகிதம் அப்பளமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தட்டைப் போட்டதும் என் பெண்டாட்டி காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். உன் பெண்டாட்டி அடுப்படியிலிருந்து கத்தினாளாம். நான் மட்டும் உன் மனசைக் குளிரவைக்க நினைத்து, "அருமை மச்சான், முன்னைக்கு இப்ப எவ்வளவு தெளிவு!" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். சிரிக்கவில்லை. ஊசியை மெதுவாக எடுத்து வைத்தாய். அவ்வளவுதான்.

மறுநாள் காலை, உனக்குச் சம்பந்தமே இல்லாத பெரட்டுக்கு வந்து நின்று கங்காணியிடம் சத்தம் போட்டாய். "இந்த மெஷின் சத்தத்துல கிராணிக்கு எப்படிக் கேக்கும்? பேர் சொன்னதும் எல்லாரும் கையத் தூக்குங்க." நீ வாயசைத்ததைப் பார்த்தே புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு கேஸ் லைட் வெளிச்சத்தில் ஒவ்வொரு கையாக எழும்பியது. நான் தப்பில்லாமல் எழுதினேன். உனக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. மெஷின்காரன் அதிகாரம் காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

அடுத்த சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனாய். சின்னதை நீ தொடவே இல்லை. பெரியதில் தட்டைப் போட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு சத்தம் கூட்டும் திருகைத் திருப்பிக்கொண்டே போனாய். ஓரிடத்தில் கம்பளி விலகியது போல தட்டில் பாடும் பெண்ணின் குரல் என் இடது காதில் வந்து விழுந்தது. கண்ணி வெடித்த நாளுக்குப் பிறகு நான் கேட்ட முதல் பாட்டு. கண்ணில் நீர் முட்டியதை மறைக்க அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாய் உன்னிடம் ஏதோ கேட்டார். நீ வேண்டாம் என்பது போல் கையை ஆட்டிவிட்டு என் காதருகே வந்து, "பெருசுதான் மச்சான். சின்னது கொசு மாதிரி முணுமுணுக்குது" என்றாய்.

எஸ்டேட் கேட்டில் போலீஸ்காரன், காட்டிலிருப்பவர்களுக்கு ஒயர்லெஸ் கொண்டுபோகிறாயா என்று மடக்கினான். துரையிடமிருந்து சீட்டு வரும்வரை பெட்டிமேலேயே உட்கார்ந்திருந்தாய். கடைசியில் உன் வீட்டில் இடமில்லை என்று சொல்லி அதை என் வீட்டில் இறக்கினாய்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள். நான் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்காருவேன். நீ கதவை ஒருக்களித்துவிட்டு, பனி கொட்டும் வாசற்படியில் போய் உட்காருவாய். கேட்டால், "உள்ள ஒரே சூடு" என்பாய். கேமரன் மலையில் அப்படிச் சொன்ன ஒரே ஆள் நீதான். அந்தச் சத்தத்தை நல்ல காது தாங்காது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

உன் கருமாதி அன்றுதான் பாய் சொன்னார். "சின்னதத்தான எடுத்து வைக்கச் சொன்னீங்கன்னு கேட்டேன். அத யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு தினம் ஆள் அனுப்பினவரு, அன்னிக்கு வேணாம்னுட்டாரு." உனக்கு நன்றி சொல்லலாம் என்றால் நீ இல்லாமல் போய்விட்டாய். உயிரோடு இருந்திருந்தாலும் சொல்ல விட்டிருக்க மாட்டாய். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். பிழைப்பையும் பாட்டையும் எனக்குத் திருப்பிக் கொடுத்தவன் நீ. கிளினிக்கில் நர்ஸ் என் பேரைக் கூப்பிட்டால் இன்றைக்கும் வாயால் பதில் சொல்ல மாட்டேன். கையைத்தான் தூக்குகிறேன்.

போன மாதம் மகள் என் இடது காதுக்குப் புதுக் கருவி வாங்கி மாட்டினாள். இன்று பெரியதை முதலில் போட்டாள். நன்றாகத்தான் இருந்தது. பிறகு சின்னதை, சத்தத்தைக் குறைத்து வைத்தாள். அதே பழைய தட்டு. முதல் அடி முடிந்தது. அடுத்த அடிக்கு முன்னால், பாடுகிறவள் மூச்சு எடுத்தாள்.

இதையா மச்சான் எனக்காகக் கொசு என்றாய்?

"பெருசுதானேப்பா உங்களுக்குப் பழக்கம்?" என்றாள் மகள். சின்னதே இருக்கட்டும் என்றேன். எழுந்து போய் வாசல் கதவை முழுக்கத் திறந்து வைத்திருக்கிறேன். படியில் பனி இறங்குகிறது. உள்ளே வந்து உட்கார், மச்சான். இப்போது சத்தம் குறைவுதான்.